மகளின் பெயருக்குப் பின்னால் இருந்தவர்

கல்யாணம் கட்டிய நாளிலிருந்து இன்றுவரை என் கணவரின் பெயரை நான் வாயால் சொன்னது கிடையாது. "இஞ்சாருங்கோ" என்பேன். மகள் பிறந்த பிறகு அவளோடு சேர்ந்து நானும் "அப்பா" என்று கூப்பிடத் தொடங்கினேன். கோயிலிலும் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலும் அவர் எல்லாருக்கும் "அண்ணை". ஆகவே தமிழாட்கள் பக்கம் அவருடைய பெயருக்கு வேலையே இல்லை. நோர்வேக்காரர் பக்கம் நடந்தது வேறொரு கூத்து.

இந்த நாட்டுக்கு அகதியாக வந்திறங்கியபோது, பெயரைக் கேட்ட பொலிஸ்காரரிடம் நாங்கள் ஊரில் எழுதுகிற மாதிரியே எழுதிக் கொடுத்திருக்கிறார். தகப்பன் பெயர் முன்னுக்கு, தன் பெயர் பின்னுக்கு. இங்கே வழக்கம் தலைகீழ். முன்னுக்கு இருப்பது ஆளின் பெயர், பின்னுக்கு இருப்பது குடும்பப் பெயர். அப்படியே பதிந்துவிட்டார்கள். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் இந்தப் பிழையை விட்டவர்கள்தான். அன்றிலிருந்து என் மாமனாரின் பெயர் இவருடைய பெயராகிவிட்டது. நோர்வேயின் வடக்கே மீன் வெட்டிய தொழிற்சாலையிலும் சரி, பிறகு ஒஸ்லோவுக்கு வந்து பஸ் ஓட்டத் தொடங்கியபோதும் சரி, வேலையிடத்தில் எல்லாரும் இவரை இவருடைய அப்பாவின் பெயரால்தான் கூப்பிட்டார்கள். அதையும் முழுசாகச் சொல்லாமல் அரைவாசியை வெட்டி எறிந்துவிட்டு. பஸ்காரரின் கோடை விருந்து ஒன்றில் ஒரு வெள்ளைக்காரர் பியர்ப் போத்தலோடு வந்து, இவர் முதுகில் ஓங்கித் தட்டி, அந்த அரைப் பெயரைச் சொல்லிச் சிரித்தபோது எனக்குச் சுருக்கென்றது. ஊரில் என் மாமனாரை "வாத்தியார்" என்பதைத் தவிர வேறு ஒன்றும் சொல்லி ஒருத்தரும் கூப்பிட்டதில்லை.

"போய்த் திருத்துங்கோவன்" என்று தொடக்கத்தில் நான் ஆய்க்கினை கொடுத்தேன்.

"விடும். ஓடி வந்தவனை வா எண்டு கூப்பிட்டாங்கள். எந்தப் பேரிலை கூப்பிட்டா என்ன?" என்று அவர் சிரித்தார்.

இப்படியாக அவருடைய சொந்தப் பெயர் எங்கள் மூன்று பேருக்கும் குடும்பப் பெயராகிவிட்டது. ஒஸ்லோவுக்குப் பக்கத்தில், லோறென்ஸ்கூக்கில் இருக்கிற எங்கள் வீட்டின் தபால்பெட்டியில் அது இருக்கிறது. என்னுடைய வங்கி அட்டையில் இருக்கிறது. ஆனால் யார் அதை வாய்விட்டுச் சொல்வது? நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் என்னை முதற்பெயரால்தான் கூப்பிடுவார்கள். இந்த நாட்டில் அவருடைய பெயரை மற்றவர்களைச் சொல்லவைத்தவள் எங்கள் மகள் ஒருத்திதான்.

அவளுடைய முதற்பெயரைச் சின்னதாக, இரண்டு பக்கமும் செல்லக்கூடியதாகப் பார்த்துத்தான் வைத்தோம். தமிழனும் சொல்லலாம், நோர்வேக்காரனும் சொல்லலாம். பின்பெயர்தான், அதாவது இவருடைய பெயர்தான், சாமியின் பெயர், நீளமானது. ஒவ்வொரு புது ஆசிரியரும் அதில் தடக்குப்பட்டு விழுவார்கள். முதலாம் வகுப்பிலேயே அவள் எழும்பி நின்று, துண்டு துண்டாக உடைத்துச் சொல்லிக் கொடுத்து, திருப்பிச் சொல்லவைத்துவிட்டுத்தான் இருப்பாளாம். ஆசிரியை எங்களிடம் சொல்லிச் சிரித்தார். இவர் அந்தக் கதையை எத்தனை வீட்டில் எத்தனை தரம் சொன்னார் என்று கேட்டால் என்னிடம் கணக்கில்லை.

அவள் சட்டம் படித்து முடித்த பட்டமளிப்பு விழாவுக்கு நான் சேலையும் அவர் கோட்டும் போட்டுக்கொண்டு போனோம். பேராசிரியர் ஒருவர் பெயர்களை வாசித்துக்கொண்டு வந்தார். மகளின் முறை வந்தபோது ஒரு கணம் நிறுத்தி, மூச்சை எடுத்து, பின்பெயரை ஓர் எழுத்தும் விழாமல் சொன்னார். மனுசன் வீட்டில் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்க வேண்டும்.

"கேட்டீரே? முழுசாச் சொன்னான்," என்றார் இவர் என் காதுக்குள்.

"ஓம், உங்களுக்கே பட்டம் தந்த மாதிரித்தான் இருக்கிறியள். கோட்டுப் பொத்தான் தெறிக்கப் போகுது," என்றேன். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைக் கண்டதில்லை.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், இந்த நாட்டைப் பற்றி ஒரு குறைசொல் அவருக்கு முன்னால் சொல்ல முடியாது. முதியோர் இல்லத்தில் ஒரு கிழவி என் கையைத் தட்டிவிட்டு, "அந்தக் கறுப்புக் கையால் என்னைத் தொடாதே" என்று கத்தினாள். நான் வீட்டுக்கு வந்து கொதித்தேன். "மறதி வருத்தக்காரி. அதை ஏன் தூக்கிப் பிடிக்கிறீர்?" என்று அவர் கதையை முடித்துவிட்டார். மறதி நோய் வந்தவள் மகனின் பெயரை மறந்துவிட்டாள், என் நிறத்தை மட்டும் மறக்கவில்லை என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

இனவாதம் என்றால் அவருக்கு அது அமெரிக்காவின் சரக்கு. அமெரிக்கச் செய்தியை விடாமல் பார்ப்பார். கொரோனாக் காலத்தில் அங்கே ஒரு கறுப்பு மனிதரின் கழுத்தைப் பொலிஸ்காரன் முழங்காலால் அமுக்கிக் கொன்றதைப் பார்த்து, "ஐயோ, மனுசனை மனுசன் இப்பிடிச் செய்வானே" என்று டி.வி.க்கு முன்னால் இருந்து அழுதார். அதே வாயால்தான், நாங்கள் அம்மருட்டில் அடுக்குமாடியில் இருந்த காலத்தில் கீழ்வீட்டுச் சோமாலியக் குடும்பத்தைக் "காப்பிலியள்" என்று இளக்காரமாகச் சொல்வார். நானும் சொல்லியிருக்கிறேன், மறைக்க என்ன இருக்கிறது. எங்கள் ஆட்களின் வாய் அவ்வளவு சுத்தமில்லை. மகள்தான் ஒவ்வொரு தரமும் பாய்வாள்.

அந்தக் கொலையைக் கண்டித்து ஒஸ்லோவிலும் பாராளுமன்றத்துக்கு முன்னால் சனம் கூடியது. மகள் காட்போட் மட்டையில் எழுதி எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டாள். இவர் வாசலில் மறித்தார்.

"அது அமெரிக்காக்காரன்ரை வருத்தம், பிள்ளை. இஞ்சை ஆர் உன்ரை கழுத்திலை மிதிச்சது? இலவசமாப் படிப்பிச்சுவிட்ட நாடு."

"இஞ்சை ஒருத்தரும் மிதிக்க மாட்டினம் அப்பா. இஞ்சை சிரிச்சுக்கொண்டு மறுமொழி போடாமல் விடுவினம்."

"உண்ட வீட்டுக்கு ரண்டகம் நினைக்காதை."

"இது என்ரை வீடு. நான் இஞ்சை உண்ண வந்த ஆள் இல்லை," என்று சொல்லிவிட்டு அவள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். இவர் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

படிப்பு முடிந்து அவள் வேலை தேடத் தொடங்கியபோது அந்த மறுமொழி போடாமல் விடுகிற வித்தையை நாங்களும் கண்ணால் கண்டோம். சட்ட நிறுவனங்கள், அரசாங்கத் திணைக்களங்கள், நகரசபை, எல்லா இடத்துக்கும் விண்ணப்பித்தாள். நல்ல புள்ளிகள். பாதி இடத்திலிருந்து பதிலே இல்லை. மீதி இடத்திலிருந்து "துரதிர்ஷ்டவசமாக" என்று தொடங்கும் கடிதம். எல்லாம் பண்பான கடிதங்கள், ஒன்றிலும் ஒரு கெட்ட சொல் கிடையாது. அவளோடு படித்த வெள்ளைப் பிள்ளைகள் ஒவ்வொருத்தராக வேலைக்குப் போனார்கள். இவள் படிக்கிற காலத்தில் சனிக்கிழமைகளில் வேலை செய்த ஸ்டோவ்னர் பலசரக்குக் கடையில், அதே காசாளர் கதிரையில் முழுநேரமாகப் போய் இருந்தாள்.

கோயிலுக்குப் போனால் அது வேறு நரகம். "மகள் லோயர் ஆகிட்டாவோ?" என்று கேட்பார்கள். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதற்கென்றே சிலர் அர்ச்சனைத் தட்டோடு வருவார்கள் போல. "தேடுறா" என்பேன். "ஏன், மார்க்ஸ் காணாதோ?" என்று ஒருத்தி கேட்டாள். அவளுடைய தட்டை வாங்கி அவள் தலையிலேயே கவிழ்க்கலாமா என்று இருந்தது. அம்மன் சந்நிதி என்பதால் பேசாமல் வந்தேன்.

இவரும் அந்தக் கோயில்காரி மாதிரித்தான் கேட்டார். "விண்ணப்பத்தை ஒழுங்கா எழுதினனியே? இன்னும் ஏதும் ஒரு படிப்புப் படிச்சாலென்ன?" என்று. அவருக்கு எங்கேயோ ஒரு பிழை வேண்டும். அது மகளிடம் இருந்தாலும் பரவாயில்லை, நாட்டிடம் மட்டும் இருக்கக் கூடாது.

வேலை தேடுகிறவர்களுக்கு ஆலோசனை சொல்லும் ஓர் அலுவலகத்துக்கும் போனாள். அங்கே ஒரு நோர்வே அம்மா, நல்ல மனுசியாம், கோப்பி ஊற்றிக் கொடுத்து, விண்ணப்பத்தை முழுசாக வாசித்து, "இதில் திருத்த எனக்கு ஒன்றுமே இல்லை" என்று பாராட்டினாவாம். பிறகு குரலைத் தணித்து, "கடைசிப் பெயரைக் கொஞ்சம் இலேசானதாக மாற்ற யோசித்ததுண்டா? உன்னுடைய நன்மைக்காகத்தான் சொல்கிறேன். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. வாயில் வராத பெயரென்றால் ஆட்கள் அடுத்த தாளுக்குப் போய்விடுவார்கள்" என்றாவாம். மகள் வந்து இதைச் சொன்னபோது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மனுசி கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு வசதி. திட்டித் தீர்த்திருப்பேன். நல்லவளை என்ன செய்வது?

இவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அது அவவின்ரை சொந்த அபிப்பிராயம்" என்றார்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், நானும் இவரும் ஸ்டோவ்னரில் பாலும் வெங்காயமும் வாங்கிக்கொண்டு மகளின் வரிசையில் நின்றோம். எங்களுக்குப் பின்னால் ஒரு பெண் வந்தாள். மகளோடு ஒன்றாகப் படித்தவள். எங்கள் வீட்டுக்கு வந்து என்னுடைய தோசையை வளைத்துக் கட்டியவள், பரீட்சைக்கு முதல் மகளின் குறிப்புகளைப் பார்த்து எழுதியவள். கழுத்தில் அலுவலக அட்டை தொங்கியது. எங்களைக் கண்டு கட்டிப்பிடித்தாள். மகளைக் கண்டதும் முகம் சிவந்துவிட்டது. பாவம், அவளுக்கும் என்ன சொல்வது என்று தெரியவில்லை. தெரியாதபோது ஆட்கள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

"உன்னுடைய விண்ணப்பம் எங்கள் நிறுவனத்துக்கும் வந்ததாம்," என்றாள் நோர்வே மொழியில். "பிறகுதான் எனக்குத் தெரியும். மேலதிகாரியிடம் கேட்டேன். நிறைய எழுத வேண்டிய வேலை, உனக்கு மொழி போதுமாக இருக்குமோ என்று யோசித்து ஒதுக்கி வைத்துவிட்டார்களாம். என்னுடைய கட்டுரைகளையே நீதான் திருத்தினாய் என்று அவருக்குச் சொன்னேன். அதற்குள் இடம் நிரம்பிவிட்டது."

ஒஸ்லோ ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளை. கனவு கண்டாலும் அந்த மொழியில்தான் பிதற்றுவாள். பள்ளிக்கூடத்தில் நோர்வே மொழிப் பாடத்துக்குப் பரிசு வாங்கினவள். மகள் சிரித்துக்கொண்டே, "பை வேண்டுமா?" என்று அவளிடம் கேட்டாள். நான் இவரைப் பார்த்தேன். அவர் பால் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

திரும்பி வரும்போது இவர்தான் காரை ஓட்டினார். எங்கள் வீட்டுக்குத் திரும்புகிற சந்தியை விட்டுவிட்டு நேரே போய்க்கொண்டிருந்தார். வாழ்க்கை முழுக்க இந்தத் தெருக்களில் பஸ் ஓட்டின மனுசன். "இஞ்சாருங்கோ, எங்கை போறியள்?" என்று நான் கேட்ட பிறகுதான் திருப்பினார்.

அடுத்த நாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகளிடம் சொன்னார்.

"பேரை மாத்து."

"என்ன?"

"கடைசிப் பேரைக் கழட்டிப்போட்டு ஒரு நோர்ஸ்க் பேரைப் போட்டு எழுது. பாப்பம்."

மகள் கையைச் சோற்றுக் கோப்பையில் வைத்தபடி அவரையே பார்த்தாள். "மாட்டன். என்னத்துக்கு நான் மாத்த? அவை மாறட்டும்."

"அவை மாறும் வரைக்கும் கடையிலை வெங்காயம் நிறுத்துக்கொண்டிருக்கப் போறியே? நான் சொல்லுறன். என்ரை பேர் தானே, நான் தாறன், எடுத்துப் போடு."

"அது உங்கடை பேர் மட்டும் எண்டே நினைச்சுக்கொண்டிருக்கிறியள்?" என்று அவள் கத்தினாள். "அது என்ரை பேர். முதலாம் வகுப்பிலை இருந்து ஒவ்வொருத்தருக்கும் சொல்லிக் குடுத்து வளத்த பேர்!"

எனக்கும் பொறுக்கவில்லை. "பேர் என்ன, பழைய சப்பாத்தே கழட்டிப் போட? உங்களுக்கு விசர் பிடிச்சிட்டுதோ?" என்று நானும் அவர் மேல் பாய்ந்தேன். அவர் என்னைக் கவனிக்கவே இல்லை. மகளிடம் மெதுவாகச் சொன்னார்:

"மாத்தி எழுது, பிள்ளை. மாத்தின பிறகும் ஒருத்தரும் கூப்பிடாட்டி, பேரிலை பிழையில்லை எண்டு தெரிஞ்சிடுமெல்லே. பிறகு திருப்பிப் போடுவம்."

அவள் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. பனிக்காலம் முழுக்க இழுபட்டது. இன்னும் சில "துரதிர்ஷ்டவசமாக"க்கள் வந்தன. கடைசியில் ஒருநாள் களைத்துப்போய்க் குசினி மேசையில் வந்து இருந்தாள். "சரி அப்பா," என்றாள். இந்த நாட்டில் அதற்கு ஒரு கஷ்டமும் இல்லை. நிறையப் பேரிடம் இருக்கிற பின்பெயர் என்றால் யாரும் எடுத்துக்கொள்ளலாம். வரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் போய்த் தட்டினால் சரி.

"நீங்களே ஒண்டைத் தெரியுங்கோ," என்று அவரிடம் சொன்னாள்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு யோசித்து, மலை என்று பொருள்வரும் ஒரு பெயரைச் சொன்னார். வாயைத் திறந்து மூடுவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய பெயர். அவள் தட்டினாள். நான் ஊற்றிய தேத்தண்ணீர் ஆறுவதற்கு முதல் எல்லாம் முடிந்துவிட்டது. முதற்பெயர் ஏற்கெனவே இரண்டு பக்கமும் செல்லும். இப்போது தாளில் பார்த்தால் அவள் வெள்ளைக்காரி.

"முகத்தைக் கண்ட பிறகு என்ன செய்வினம்?" என்று கேட்டேன்.

"முகத்தைக் காட்டுற தூரத்துக்காவது போவன் தானே அம்மா," என்றாள்.

முந்தி மறுத்த இடங்களில் புதிதாக ஆள் கேட்டிருந்த சிலவற்றுக்கும் அதே விண்ணப்பத்தை, பெயரை மட்டும் மாற்றி, அனுப்பினாள். அன்றிலிருந்து இவர் வேலைக்கு வெளிக்கிடும்போது சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டே, "வராது, பாரும்" என்பார். "வாயைக் கழுவுங்கோ! பெத்த தேப்பன் சொல்லுற கதையே இது?" என்று நான் ஏசுவேன். அவர் திரும்பத் திரும்ப அதையே சொன்னார். ஒருநாள் அப்படிச் சொல்லும்போது முகத்தைப் பார்த்தேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது. மனுசன் சாபம் போடவில்லை, நேர்ந்துகொண்டிருந்தார். பெயர் மாறியும் வேலை வராவிட்டால் பிழை வேறெங்கோ இருக்கிறது. சந்தை சரியில்லை, புள்ளி காணாது, என்னவோ. அவரை வா என்று கூப்பிட்ட நாடு சுத்தமாக நிற்கும். பெற்ற பிள்ளை தோற்கவேண்டும் என்று அவர் உள்ளுக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் அந்த இடத்திலேயே செத்துவிட்டது. அழுகைதான் வந்தது.

அதிக நாள் செல்லவில்லை. ஒரு காலை, அவருக்கு வேலை இல்லாத நாள், குசினியில் எனக்கு லீக்ஸ் வெட்டித் தந்துகொண்டிருந்தார். மகளின் போன் அடித்தது. அவள் எடுத்து, இங்குள்ளவர்கள் செய்கிற மாதிரித் தன் பெயரைச் சொன்னாள். புதுப் பெயரை. நான் அதை அவள் வாயால் கேட்டது அன்றுதான் முதல் தரம். இவருடைய கத்தி நின்றது.

அவள் "ஆம், ஆம், நன்றி" என்று நோர்வே மொழியில் சொல்லிவிட்டு வைத்தாள்.

"என்னவாம்?" என்றார்.

"நேர்முகத்துக்கு வரட்டாம். செவ்வாய்க்கிழமை."

"ஆர்?"

அவள் அந்த நிறுவனத்தின் பெயரைச் சொன்னாள்.

"முந்தி மாட்டம் எண்டவையெல்லே?"

"ஓம் அப்பா."

"அதே மார்க்ஸ் தானே? வேறை ஏதும் சேர்த்து எழுதினனியே?"

"இல்லை அப்பா. எல்லாம் அதேதான்."

"நோர்ஸ்க் தெரியுமோ எண்டு கேட்டவையே?"

இல்லை என்று அவள் தலையை ஆட்டினாள். கேட்கவில்லை.

அவர் கத்தியை வைத்தார். வெட்டிய லீக்ஸை வழித்துச் சட்டியில் போட்டார். கையைக் கழுவி, துவாயில் துடைத்து, "நல்லது பிள்ளை, நல்லது" என்றார். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நல்ல பட்டப்பகல். கதவுக்குப் பின்னால் அவர் விக்கி விக்கி அழுவது எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது. கலவரத்தில், ஊரில் இவர் வைத்திருந்த கடையை எரித்ததைச் சொல்லும்போதுகூட அவர் இப்படி அழுததில்லை. அது எதிரி செய்தது. இது அவர் நம்பியிருந்தவர்கள் செய்தது.

மகள் கதவடியில் போய் நின்றாள். கைப்பிடியைத் தொட்டாள், திறக்கவில்லை.

"அப்பா, நான் போகேல்லை. எனக்கு இந்த வேலை வேண்டாம். இப்பவே எடுத்துச் சொல்லுறன். பேரையும் திருப்பிப் போடுறன்."

உள்ளே அழுகை நின்றது. பிறகு எனக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"போ பிள்ளை. பேரை நான் சும்மாவே குடுத்தனான்?"